சுடுதளத்தைக் காப்பது எப்படி?

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, மணிநகரில் எங்கள் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஒரு சகோதரி என்னிடம் வந்தார். "சார், ஸ்கூல்ல ரைபிள் ஷூட்டிங் சேரணும்னு பொண்ணு அடம் பிடிக்கிறா. பெண் குழந்தை கையில துப்பாக்கியைக் கொடுக்கலாமா? நினைச்சாலே பயமா இருக்கு" என்றார். "பயப்படாதீங்க, சேர்த்து விடுங்க" என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அதே பள்ளியிலிருந்து வேறொரு செய்தி காதில் விழுந்தது. அங்கே ஆறு பேர் நின்று சுடும் அளவுக்கு ஒரு சிறிய ஏர் ரைபிள் கூடம் இருக்கிறது. பிள்ளைகள் போதிய அளவு சேராததால் அதைச் சாமான் அறையாக மாற்றிவிடலாம் என்று நிர்வாகம் யோசிக்கிறதாம். ஜூனில் பள்ளி திறக்கும்போது 20 பிள்ளைகளாவது சேர்ந்தால் கூடம் இருக்கும்; இல்லாவிட்டால் இல்லை.

அந்தத் தாயின் பயமும் இந்தக் கூடத்தின் கதியும் ஒன்றோடொன்று பின்னியவை என்று எனக்குத் தோன்றியது. இதழாசிரியரிடம் சொன்னேன். "அதையே ஒரு பாடமாக எழுதிக் கொடுங்கள்" என்றார். அதன் விளைவே இக்கட்டுரை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பதக்கம் வாங்கிய வீரன் அல்ல. சிவில் டிப்ளமா முடித்து 1981ல் ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே 38 ஆண்டுகளைக் கழித்து ஓய்வு பெற்றவன். ஒரு காலத்தில் ஒரு சிறிய சுடுதளத்துக்குக் கௌரவச் செயலாளராக இருந்தேன். அது மூடப்பட்டதற்கு நானே காரணமாகவும் இருந்தேன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

இது என்ன விளையாட்டு?

துப்பாக்கி சுடுதல் புதிதாக வந்த விளையாட்டு அல்ல. 1896ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றது. இன்று இதில் மூன்று பெரும் பிரிவுகள் உள்ளன. ரைபிள், பிஸ்டல் இரண்டும் அசையாத இலக்கைச் சுடுபவை. மூன்றாவது ஷாட்கன், வானில் பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடுவது. அந்தத் தட்டின் குறுக்களவு 110 மில்லிமீட்டர், எடை சுமார் 105 கிராம்.

பள்ளிப் பிள்ளைகள் தொடங்குவது 10 மீட்டர் ஏர் ரைபிள் அல்லது ஏர் பிஸ்டலில். இவற்றில் வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. அரை கிராம் எடையுள்ள அந்தக் குண்டு நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகும். கணக்குப் போட்டால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 7 ஜூல். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதற்காக அது பொம்மை என்று எண்ணிவிடக் கூடாது. கண்ணில் பட்டால் கண் போய்விடும். ஆகவேதான் அதற்கென்று ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அந்த இடமே சுடுதளம்.

10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கின் நடுவில் உள்ள பத்துப் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்தான். பேனா முனையால் வைத்த புள்ளி என்று சொல்லலாம். அடுத்தடுத்த வளையங்களுக்கு இடையே இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர். துப்பாக்கியின் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சைட் கால் மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டர் தூரத்தில் குண்டு 3 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். ஒரு வளையத்துக்கும் மேலேயே போய்விட்டது! இப்படி 75 நிமிடத்தில் 60 குண்டுகள் சுட வேண்டும்.

இதில் உடல் வலுவைவிட மூச்சுக் கட்டுப்பாடும் நிதானமும்தான் பெரிது. உயரம், பருமன், ஆண், பெண் என்ற வேறுபாடு இங்கே அதிகம் பேசுவதில்லை. கோபத்தோடு வந்தவன் கோபம் தணியும்வரை எட்டும் ஒன்பதும்தான் சுடுவான். பரீட்சைக்கு முன் கை நடுங்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மருந்தை நான் கண்டதில்லை.

நம் நாட்டில் வளர்ந்த கதை

அகமதாபாத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு பெருமை உண்டு. இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951ல் தொடங்கியபோது அதை முன்னின்று அமைத்தவர் மக்களவையின் முதல் சபாநாயகரான ஜி.வி. மாவலங்கர். இந்த ஊரில் வக்கீலாக இருந்தவர். இந்தத் தொகுதியிலிருந்தே மக்களவைக்குச் சென்றவர். தேசியப் போட்டிக்கு முன்னோடியாக நடக்கும் அகில இந்தியப் போட்டி அவர் பெயராலேயே வழங்குகிறது.

அடுத்துக் குறிப்பிடத்தக்கவர் பிகானேர் மகாராஜா கர்ணி சிங். 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டவர். 1962ல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். 1982 ஆசிய விளையாட்டுக்காக டெல்லி துக்ளகாபாத்தில் கட்டிய சுடுதளத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 2010 காமன்வெல்த் போட்டிக்காக அதைப் புதுப்பித்தார்கள்.

அந்தக் காலத்தில் இது ராஜாக்களும் ராணுவத்தினரும் ஆடும் விளையாட்டாகவே இருந்தது. பிறகு நிலை மாறியது. 2004 ஏதென்ஸில் ராணுவ அதிகாரி ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வென்றார். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் இந்தியர் ஒருவர் தனியாக வென்ற முதல் தங்கம் அது. 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளியும், சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங் வெண்கலமும் பெற்றார்கள். 2024 பாரிஸில் மனு பாக்கர் தனியாக ஒன்றும், சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து ஒன்றுமாக இரண்டு வெண்கலம் வாங்கினார். அதே பாரிஸில் 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகப் பணிபுரிந்தவர். எங்கள் வீட்டில் அன்று பாயசம் வைத்தோம். ரயில்வேக்காரன் வீட்டில் வேறென்ன செய்வார்கள்?

நமக்கு இன்னும் நெருக்கமானவர் ஒருவர் உண்டு. இளவேனில் வாலறிவன். கடலூரில் பிறந்து நம் அகமதாபாத்தில் வளர்ந்தவர். 2019ல் ரியோ உலகக் கோப்பையில் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காகச் சுட்டார். "வாலறிவன்" என்பது திருக்குறளின் முதல் அதிகாரத்தில் வரும் சொல் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, அந்தப் பெயரைத் தாங்கிய பெண் இதே ஊரில் வளர்ந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இவர்களைப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படும். பிந்த்ராவுக்குப் பெற்றோர் வீட்டு வளாகத்திலேயே சுடுதளம் கட்டிக் கொடுத்தார்கள். எல்லாராலும் அது முடியுமா? மனு பாக்கர் தொடங்கியது பள்ளியில் இருந்த சுடுதளத்தில். சாதாரண வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியோ கிளப்போ ஒரு கதவைத் திறந்து வைக்க வேண்டும். அந்தக் கதவு மூடினால் அந்தப் பிள்ளைக்கு விளையாட்டே இல்லை. கிரிக்கெட்டைத் தெருவில் ஆடலாம். இதைத் தெருவில் ஆட முடியாது, ஆடவும் கூடாது.

நான் இழந்த சுடுதளம்

1990 வாக்கில் ஒரு ஜங்ஷன் ஊரில் எனக்கு வேலை. அங்கே விளையாட்டுத் திடலுக்குப் பின்னால் 25 கெஜ தூரத்துக்கு ஒரு பழைய சுடுதளம் இருந்தது. பாயிண்ட் டூ டூ ரைபிள்கள் ஐந்து. எதிரே ஒரு மண்மேடு. ஞாயிறு காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். அதில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் மகளும் உண்டு, 16 வயது. ஆறே மாதத்தில் எங்கள் எல்லாரையும் தாண்டிவிட்டாள்.

1991 மழைக்காலத்தில் மண்மேட்டின் தலை கரைந்து ஒரு முழம் இறங்கிவிட்டது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தண்டவாளத்துக் கரையில் அப்படி ஒரு சரிவு கண்டால் அந்தக் கணமே வேகக் கட்டுப்பாடு போட்டு, கேங்மேன்களை இறக்கி, மூட்டை அடுக்கியிருப்பேன். இங்கே என்ன செய்தேன்? நோட்டுப் புத்தகத்தில் "தீபாவளிக்குப் பிறகு மண் அடிக்க வேண்டும்" என்று எழுதி வைத்தேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு புதிதாக வந்த ஒரு பையன் விசையைத் தவறி அழுத்திவிட்டான். குண்டு மேட்டுக்கு மேலே போயிற்று. பின்னால் பாதையில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பால்காரர் ஒருவர் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். குண்டு அவருடைய பால் கேனைத் துளைத்தது. அவர் நின்றது இரண்டு முழ தூரத்தில். மண்ணில் வழிந்த அந்தப் பாலை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாளே பூட்டுப் போட்டார்கள். ரைபிள்கள் கிடங்குக்குத் திரும்பின. பிறகு அங்கே குடியிருப்புகள் கட்டினார்கள். பூட்டியவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. அவர்கள் செய்தது சரி. அந்தப் பெண் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "அங்கிள், எப்போ திறப்பாங்க?" என்று கேட்பாள். அவள் தகப்பனாருக்கு மாற்றல் வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். "சீக்கிரம் திறப்பாங்கம்மா" என்று பொய் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பத்துக் கூடை மண்ணில் முடிந்திருக்க வேண்டிய காரியம் அது.

சுடுதளத்தின் உறுப்புகள்

அன்று தெரிந்தும் செய்யாததையும் பின்னர் கற்றுக்கொண்டதையும் கீழே தருகிறேன்.

1. தடுப்பு. பாயிண்ட் டூ டூ குண்டு சிறியதாகத் தோன்றினாலும் திறந்த வெளியில் ஒன்றரை கிலோமீட்டரையும் தாண்டும். ஆகவே இலக்குக்குப் பின்னால் மண்மேடோ இரும்புத் தடுப்போ கட்டாயம். மண்ணில் கல் இருக்கக் கூடாது. சலித்துப் போட வேண்டும். ஒரே இடத்தில் குண்டுகள் சேர்ந்து இறுகிப்போனால் புதிய குண்டு அதில் பட்டுத் தெறிக்கும். அவ்வப்போது கிளறி ஈயத்தை எடுத்துவிட வேண்டும்.

2. மேல்மறைப்பு. சுடுபவர் நிற்கும் இடத்தில் நின்றும், மண்டியிட்டும், படுத்தும் பாருங்கள். மேட்டுக்கு மேலே வானம் தெரிந்தால் குண்டும் அந்த வழியே போகும். குறுக்குப் பலகைகளோ சுவர்களோ வைத்து அந்த வானத்தை மறைக்க வேண்டும். என் பழைய சுடுதளத்தில் வானம் நன்றாகவே தெரிந்தது.

3. கட்டளை. ஒற்றைத் தடத்தில் டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். அதுபோல ரேஞ்ச் ஆபீசர் "ஸ்டார்ட்" சொல்லாமல் ஒருவரும் சுடக் கூடாது. "ஸ்டாப்" என்றால் அந்தக் கணமே விரல் விசையை விட்டு வெளியே வர வேண்டும். இலக்குப் பக்கம் ஒருவர் போகிறார் என்றால் எல்லாத் துப்பாக்கியும் காலி செய்யப்பட்டு, குழலில் நிறக் கொடி செருகப்பட்டு, கீழே வைக்கப்பட்டிருக்க வேண்டும். கொடி தெரிந்தால் குழல் காலி என்று பொருள்.

4. ஈயம். ஒரு பாயிண்ட் டூ டூ குண்டின் எடை சுமார் 2.6 கிராம். ஒருவர் 60 குண்டு சுட்டால் 156 கிராம். நாளைக்கு 20 பேர், ஆண்டுக்கு 200 நாள் என்று பெருக்கிப் பாருங்கள். 600 கிலோவுக்கு மேல் வருகிறது. இதை மண்ணிலேயே விட்டால் மழைநீரோடு கலக்கும். சேகரித்து முறையாக ஈயம் உருக்குபவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். மூடிய கூடமானால் காற்று சுடுபவரின் முதுகுப் பக்கத்திலிருந்து இலக்கை நோக்கி ஓட வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் ஈயத் தூசு மூச்சில் ஏறும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் டப்பாவைத் திறக்கக் கூடாது.

5. பதிவேடு. எத்தனை துப்பாக்கி வெளியே எடுத்தோம், எத்தனை உள்ளே வைத்தோம், யார் கையெழுத்துப் போட்டார் என்று ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும். பூட்டின் சாவி இரண்டு பேர் பொறுப்பில் இருப்பது நல்லது.

ரயில் பாதையில் கீமேன் ஒருவர் தினமும் தன் பகுதியை நடந்து பார்ப்பார். நேற்றுப் பார்த்தோமே என்று இன்று விடுவதில்லை. சுடுதளத்துக்கும் அப்படி ஒரு கீமேன் வேண்டும். குண்டு சுடும் முன் தடுப்பைப் பார்ப்பது அவர் வேலை.

நிலமும் அக்கம்பக்கமும்

சுடுதளங்கள் மறைவதற்கு விபத்து ஒன்றே காரணம் அல்ல. ஊருக்கு வெளியே என்று எண்ணிக் கட்டியதைச் சுற்றி ஊரே வந்துவிடுகிறது. முதலில் சத்தம் பற்றிய புகார். பிறகு பயம். அதன் பிறகு நிலத்தின் விலை பேச ஆரம்பிக்கும். ஒருமுறை போன சுடுதளம் திரும்ப வருவது அரிது. புதிதாக இடம் தேடினால் "எங்கள் பக்கத்தில் வேண்டாம்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

பெரிய அரங்கிலும் இதே கதைதான். காமன்வெல்த் போட்டியில் 1966ல் சேர்ந்த துப்பாக்கி சுடுதல் 2022 பர்மிங்காமில் இல்லை. 2026 கிளாஸ்கோ பட்டியலிலும் இல்லை. இந்தியா பெருமளவு பதக்கம் குவித்துவந்த விளையாட்டு அது. இருப்பது என்றும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

காப்பதற்கு வழி என்ன? எல்லைக் கல் நட்டு, சுவர் எழுப்பி, நிலப் பத்திரங்களைச் சரியாக வைத்திருக்க வேண்டும். சத்தம் வரும் துப்பாக்கிகளுக்கு நேரம் வகுத்து அதை அண்டை வீடுகளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாளாவது கதவைத் திறந்து அக்கம்பக்கத்தாரை உள்ளே அழைத்துக் காட்ட வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவரைதான் பயம். ஒழுங்கைக் கண்ணால் பார்த்தவர் புகார் எழுதுவதற்கு முன் ஒருமுறை யோசிப்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளையே அங்கே பயில்கிறது என்றால் அந்த வீட்டுக்காரரே காவல்காரர் ஆகிவிடுவார்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

கேள்வி கேட்ட சகோதரிக்கு இப்போது முழுப் பதில் சொல்கிறேன். சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும் முன் ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள். சுடும்போது பொறுப்பாளர் கூடவே நிற்கிறாரா? சுடும் கோட்டுக்கு முன்னால் யாரும் நடமாடாமல் பார்த்துக்கொள்கிறார்களா? பிள்ளை துப்பாக்கியைத் திருப்பினால் உடனே கண்டிக்கிறார்களா? கை கழுவத் தண்ணீரும் சோப்பும் உண்டா? இவற்றில் ஒன்று குறைந்தாலும் தயங்காமல் கேளுங்கள். நீங்கள் கேட்பதே அந்தக் கூடத்துக்குச் செய்யும் உதவி.

முதல் நாளே விலை உயர்ந்த துப்பாக்கி வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஓராண்டு பள்ளித் துப்பாக்கியிலேயே பயிலட்டும். முதல் சில வாரம் குண்டே இல்லாமல் நிற்கவும், மூச்சை அடக்கவும், விசையை மெல்ல அழுத்தவும்தான் சொல்லிக் கொடுப்பார்கள். "இதற்கா பணம் கட்டினோம்?" என்று கேட்காதீர்கள். அதுதான் பாடம். வீட்டில் பொம்மைத் துப்பாக்கியைக்கூட மனிதர் மீது நீட்டக் கூடாது என்ற பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பயிற்சி முடிந்தது.

முடிவாக

போன மாதம் அந்தப் பள்ளிக் கூடத்தை நேரில் போய்ப் பார்த்தேன். பின்சுவர் நன்றாக இருக்கிறது. இரண்டு குண்டுப் பெட்டிகள் துருப்பிடித்திருக்கின்றன. வெளிச்சம் போதாது. கை கழுவும் குழாய் தொலைவில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்தேன். "யார் இதைச் செய்வது?" என்று கேட்டார். "பெட்டிகளையும் விளக்கையும் நான் பார்த்துக்கொள்கிறேன். குழாயை நீங்கள் போடுங்கள்" என்றேன். ஒப்புக்கொண்டார். சனிக்கிழமைதோறும் சுடும் நேரத்துக்கு அரைமணி முன்னால் வந்து தடுப்பைப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடவும் அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன். இந்த வயதில் மறுபடியும் கீமேன் வேலை!

இதுவரை 13 பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சகோதரியின் மகள் பதின்மூன்றாவது. இன்னும் ஏழு பேர் வேண்டும். ஜூன் வருவதற்குள் நம் சங்கக் குடும்பங்களிலிருந்து ஏழு பிள்ளைகள் கிடைக்கமாட்டார்களா? விருப்பமுள்ளவர்கள் சங்க நூலகத்தில் வைத்திருக்கும் நோட்டில் பெயர் எழுதலாம். எழுதும் முன் ஒரு சனிக்கிழமை வந்து கூடத்தைப் பாருங்கள். நான் அங்கேதான் இருப்பேன்.